முன்னூற்றுப் பன்னிரண்டாம் மசோதாவும் வெண்டெலின் இடுப்பும்

"மரம் சாறு விட ஆரம்பிச்சிடுச்சுய்யா. நாளைக்கு நான் வரலை" என்று சொல்லிவிட்டு ஆரின் போனை வைத்தபோது, வெண்டெல் ஹாட்ச் ஒரு காலில் மட்டும் காலுறை மாட்டியிருந்தார்.

இன்னொரு காலுக்கு மேவிஸ் வந்தாக வேண்டும். எட்டு மாதமாக இடது பக்க இடுப்பு அவரைக் குனிய விடுவதில்லை. ஷூ தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் மேற்பார்வை பார்த்த மனிதர், தன் ஷூவைத் தானே போட முடியாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் மனைவி முதல் மாதம் அழுதாள், இரண்டாம் மாதம் சிரித்தாள், இப்போதெல்லாம் ஒன்றும் பேசாமல் மாட்டிவிட்டுப் போகிறாள்.

"யாரு போன்ல?" என்று கேட்டுக்கொண்டே மேவிஸ் மண்டியிட்டாள்.

"ஆரின். சாறு ஓடுதாம்."

"மார்ச் மாசத்துல ஓடாம கிறிஸ்துமஸுக்கா ஓடும்?"

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குச் சட்டசபையில விசாரணை, மேவிஸ். எனக்கு இருந்தது அந்த ஒரே சாட்சி!"

ராத்திரி உறைபனி, பகலில் வெயில் என்று வானம் மாறும் அந்த மூன்று நான்கு வாரங்களில், மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சுகிறவனை அவன் சொந்தக் கல்யாணத்துக்குக்கூட அழைக்க முடியாது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிறந்து வளர்ந்த வெண்டெலுக்கு இது தெரியாததல்ல. ஆனால் ஆரினிடம் தேதி பேசிய அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே மூன்றடிப் பனி கிடந்தது. அந்தப் பனியை நம்பி மோசம் போனார்.

வெண்டெலுக்கு மாநில முதலாளிகள் பேரவையில் உத்தியோகம். உத்தியோகம் என்றால், முன்னூற்றுப் பன்னிரண்டாம் எண் மசோதாவை எதிர்ப்பது. அது ஒன்றுதான். பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் எந்த முதலாளியும், வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் உழைக்கிற எவருக்கும் மருத்துவக் காப்பீட்டில் பாதியைக் கட்ட வேண்டும் என்கிறது மசோதா. கட்டினால் மாநிலத்தில் நாலாயிரத்து இருநூறு வேலைகள் ஒழிந்துபோகும் என்கிறது பேரவை. போன வருடம் அது மூவாயிரமாக இருந்தது. எப்படி ஏறியது என்று வெண்டெல் கேட்கவில்லை. அச்சடித்துக் கொடுத்ததை ஒப்பிப்பதுதான் அவர் பங்கு.

ஷூ தொழிற்சாலையை மூடிய பிறகு ஒரு வருடம் அவர் சும்மா வீட்டில் இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத ஆள். மேவிஸின் சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார், பிறகு உயர வரிசையில் அடுக்கினார், பிறகு நிற வரிசையில் அடுக்க ஆரம்பித்தபோது மேவிஸ் கரண்டியை ஓங்கினாள். அந்தச் சமயத்தில்தான் எங்கிருந்தோ இந்த மசோதா முளைத்தது. பேரவை பதறிப்போய், தொழிற்சாலை தெரிந்த, மரியாதையாகப் பேசத் தெரிந்த ஒரு ஆளைத் தேடியது. அதிர்ஷ்டம் என்றால் அதுதான் என்று வெண்டெல் இன்றுவரை சொல்லிக்கொள்கிறார்.

அதிர்ஷ்டத்தில் ஒரு குறை. முப்பது மணி நேர வேலைக்குப் பேரவை காப்பீடு தரும். வெண்டெலுக்கு இருபத்தொன்பது மணி நேரம். வெண்டெலும் மேவிஸும் சொந்தமாக வாங்கியிருந்த காப்பீடோ, முதல் ஒன்பதாயிரம் டாலரை நீ கட்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்கிற ரகம்.

மூன்று வருடமாக மசோதா சாகவும் இல்லை, சட்டமாகவும் இல்லை. ஒவ்வொரு வருடமும் சட்டசபைக் குழு கூடி, "இன்னும் ஆராயலாம்" என்று அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடும். பேரவைத் தலைவி கான்ஸ்டன்ஸ் லாம்ப்ரி அம்மையாருக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த வருஷம் அதைப் புதைச்சிட்டு வாங்க, வெண்டெல்" என்று சொல்லியிருந்தார். "மறுநாளே முழுநேர வேலை. காப்பீடும் உண்டு."

ஆக, மருத்துவக் காப்பீடு கிடைக்க வேண்டுமானால் வெண்டெல் மருத்துவக் காப்பீட்டு மசோதாவைக் கொன்றாக வேண்டும். இதில் எங்கேயோ உதைக்கிறது என்று அவருக்கும் தோன்றியதுண்டு. ஆனால் மே மாதம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்து வைத்திருந்தார். இடுப்பு வலிக்கிறவனுக்கு நியாய அநியாயம் பார்க்க எங்கே நேரம்?

"அவன் வரலைன்னா நீ அவன்கிட்ட போ" என்றாள் மேவிஸ், ஷூ நாடாவை இறுக்கியபடி. "சொல்ல வேண்டியதை எழுதிக்கிட்டுப் போய்க் கையெழுத்து வாங்கிக்கோ. பாவம், ஆளுங்க எல்லாம் காட்டுல இருப்பாங்க, தனியா நின்னு காய்ச்சுவான். கொஞ்சம் ஒத்தாசை பண்ணினா சந்தோஷமா போட்டுத் தருவான்."

வெண்டெலுக்கு உயிர் வந்தது. இப்படி ஒரு மனைவி எத்தனை பேருக்கு அமையும்!

ஆரினின் கொட்டகைக்குள் ஆவியில் ஆளே தெரியவில்லை. பெரிய தட்டையான பாத்திரத்தில் சாறு கொதிக்க, அடியில் விறகு திகுதிகுவென்று எரிந்தது. இனிப்பு வாசனை தொண்டைவரை ஏறியது.

"எழுதிட்டு வந்திருக்கேன், ஆரின். 'இந்தச் சட்டம் வந்தா என் பதினாலு ஆளுங்களையும் வீட்டுக்கு அனுப்பணும்.' ஒரு கையெழுத்துப் போதும்."

"போடறேன், போடறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு உபகாரம் பண்ணு. மேல காட்டுல சாறு வர்ற குழாய் புடுங்கிக்கிச்சாம், ஆளுங்க கூப்பிடறாங்க. பத்து நிமிஷத்துல வந்துடறேன். நீ இந்தப் பாத்திரத்தை மட்டும் பார்த்துக்கோ."

"நானா?"

"நுரை பொங்கினா ஒரு துளி வெண்ணெயைப் போடு, அடங்கிடும். சாறு இந்தக் கோட்டுக்குக் கீழ இறங்கினா இந்தத் திருகைத் திற. இதுகூடத் தெரியாதா? ஷூவெல்லாம் பண்ணினவன்தானே?"

ஆரின் போய்விட்டான். நுரை பொங்கியது. வெண்டெல் வெண்ணெய் போட்டார், அடங்கியது. இதில் என்ன பிரமாதம் என்று அவர் நெஞ்சை நிமிர்த்திய நேரத்தில் போன் அடித்தது. லாம்ப்ரி அம்மையார்.

"வெண்டெல், நாளைக்குச் சாட்சி தயாரா?"

"தயார் ஆயிட்டிருக்கு மேடம்."

"என்ன சத்தம் அது? ஒண்ணுமே கேக்கலை."

அவர் கொட்டகைக்கு வெளியே வந்து பேசினார். அம்மையார் சுருக்கமாகப் பேசுகிறவர் அல்ல. நாலாயிரத்து இருநூறு வேலைகள் என்பதை நாலாயிரத்து ஐந்நூறு என்று சொல்லலாமா, சொன்னால் நம்புவார்களா, வேண்டாம், இருநூறே இருக்கட்டும், ஆனால் அழுத்திச் சொல்லுங்கள் என்று அவர் முடிப்பதற்குள் வெண்டெலின் மூக்கில் ஒரு வாசனை ஏறியது. இனிப்பு வாசனை அல்ல.

உள்ளே ஓடினார். ஓடினார் என்றால், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. பாத்திரத்தின் அடி தார்ச்சாலை மாதிரி கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது.

ஆரின் வந்தான். பாத்திரத்தைப் பார்த்தான். வெண்டெலைப் பார்த்தான். அவர் கையில் இருந்த காகிதத்தை வாங்கி, மடித்து, அடுப்புக்குள் போட்டான்.

"என் அப்பா காலத்துப் பாத்திரம்யா அது."

"ஆரின், நான் வேணும்னா..."

"ஒண்ணும் வேணாம். நீ எந்த மசோதா கூடாதுங்கறியோ, அது வரணும்னு இன்னைக்கே நான் பிரார்த்தனை பண்ணப் போறேன். கிளம்பு."

வீட்டுக்கு வந்து வெண்டெல் சமையலறை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மேவிஸ் காபியை வைத்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உன் யோசனை நல்ல யோசனைதான். நான்தான் கெடுத்துட்டேன்" என்றார் வெண்டெல்.

"போகட்டும் விடு. ஃபெர்னைக் கேட்டுப் பாரேன்."

"எந்த ஃபெர்ன்? சாப்பாட்டுக் கடை ஃபெர்னா?"

"அவகிட்ட பன்னெண்டு பேர் வேலை பார்க்கறாங்க. அரசாங்கம்னாலே அவளுக்கு வேப்பங்காய். தெரு விளக்கு போடறதுக்கே எதிர்த்து ஓட்டு போட்டவ. அவளைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?"

வெண்டெல் நெற்றியில் அடித்துக்கொண்டார். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை!

"இன்னொண்ணு" என்றாள் மேவிஸ். "அவளை மட்டும் தனியா கூட்டிட்டுப் போகாதே. கடை ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொல்லு. அறை நிரம்பியிருந்தாத்தான் உறுப்பினருங்க காதைத் தீட்டிக்கிட்டுக் கேப்பாங்க. நாற்காலி காலியா கிடந்தா தூங்கிடுவாங்க."

இதுவும் நியாயமாகத்தான் பட்டது. அந்த மாநிலத்துச் சட்டசபையில் நானூறு உறுப்பினர்கள். வருடத்துக்கு நூறு டாலர் சம்பளம். அந்தச் சம்பளத்துக்கு விழித்திருப்பதே பெரிய காரியம்.

ஃபெர்ன் மத்தியானக் கூட்டம் முடிந்து கல்லாவில் நின்றிருந்தாள். அறுபது வயது, ஆறடி உயரம், இடுப்பில் சமையல் ஏப்ரன். வெண்டெல் விஷயத்தைச் சொன்னதும் துடைத்துக்கொண்டிருந்த துணியை மேஜையில் அறைந்தாள்.

"என் ஆளுங்களை எப்படி வெச்சுக்கணும்னு தலைநகர் கான்கார்டுல உக்காந்திருக்கறவன் எனக்குச் சொல்லித் தருவானா? வர்றேன்யா! கிழி கிழின்னு கிழிக்கறேன்!"

"ரொம்ப நல்லது, ஃபெர்ன். உன் ஆளுங்களையும்..."

"ஒருத்தரை விடாம கூட்டிட்டு வர்றேன். நாளைக்குக் கடைக்கே லீவு. அது சரி, நீ ஏன் இப்படி ஒரு பக்கமா சாஞ்சு நிக்கற? கப்பல் கவிழற மாதிரி?"

"இடுப்பு."

"போய்க் காட்டறதுதானே?"

"காட்டிட்டேன். அறுக்கணும்னாங்க. இந்த மசோதா தோத்தாத்தான் அறுக்க முடியும்."

அவர் கேட்காமலே ஃபெர்ன், ஆப்பிள் பூரணம் வைத்துச் சுட்ட 'ஆப்பிள் பை' ஒரு துண்டைத் தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளினாள். அவருக்குச் சாப்பிட மனசு வரவில்லை, சாப்பிட்டும் விட்டார்.

மறுநாள் காலை குழு அறை நிரம்பி வழிந்தது. குதிரைலாட வடிவ மேஜையைச் சுற்றித் தலைவரையும் சேர்த்து இருபது உறுப்பினர்கள். நடுவில் குழுத் தலைவர். அவர் சொந்த ஊரில் ஈமச்சடங்கு நிலையம் நடத்துகிறவர். அத்தனை மெல்லிய குரல். அவர் பேச ஆரம்பித்தால் எல்லோரும் தானாகவே தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். பின் வரிசையில் லாம்ப்ரி அம்மையார், முத்துமாலை சகிதம். அவர் வருவார் என்று வெண்டெல் எதிர்பார்க்கவில்லை.

"அறை நிறைய ஆளா? சபாஷ் வெண்டெல்!" என்றார் அம்மையார் காதோடு. "இத்தனை பேரா நம்ம பக்கம்?"

"எல்லாம் என் ஏற்பாடு மேடம்" என்று வெண்டெல் கூச்சத்தோடு சொன்னார்.

வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு சீட்டில் பெயரை எழுதி, ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றில் குறியிட்டுக் கொடுக்க வேண்டும். குழு எழுத்தர் சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு அடுக்கு வளர்ந்துகொண்டே போனது. வெண்டெல் மகிழ்ச்சியோடு எட்டிப் பார்த்தார். அது ஆதரவு அடுக்கு.

ஃபெர்னிடம் நொண்டிக்கொண்டு போனார்.

"ஃபெர்ன், உன் ஆளுங்க எல்லாரும் தப்பான கட்டத்துல குறி போட்டுட்டாங்க!"

ஃபெர்ன் திரும்பி வரிசையைப் பார்த்தாள். "ஏய் ராய், எதுல போட்ட?"

"ஆதரவுல" என்றான் பாத்திரம் கழுவும் ராய். நாற்பது வயசுக்காரன், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான். "காப்பீடு தர்றேங்கறாங்க. வேணாம்னா சொல்லுவாங்க?"

"லூசில், நீ?"

"நானும்தான்" என்றாள் பரிமாறும் லூசில். "மன்னிச்சுக்கோங்க, வெண்டெல்."

"பேசி மாத்தச் சொல்லேன்" என்று கெஞ்சினார் வெண்டெல்.

"இதோ பாரு, உண்மையைச் சொல்லுங்கடான்னுதான் கூட்டிட்டு வந்தேன். பொய் சொல்ல ஆள் கூட்டிட்டு வர்றவ நான் இல்ல. கவலைப்படாதே, நான் ஒருத்தி போதும்."

விசாரணை ஆரம்பித்தது. வழக்கம்போல மசோதாவைக் கொண்டுவந்தவர் முதலில் பேச வேண்டும். ஹார்லன் டோ எழுந்தார். எண்பத்து நாலு வயசு, வெண்டெலின் ஊர்க்காரர், கோழி வளர்க்கிறவர். மூன்று வருடமாக இரண்டே வாக்கியம்தான் பேசுவார்.

"இது நல்ல மசோதா. மத்ததை மத்தவங்க சொல்லுவாங்க."

உட்கார்ந்துவிட்டார். பரம எதிரி என்றால் இப்படி அமைய வேண்டும் என்று வெண்டெல் ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொள்வார்.

ஃபெர்ன் சாட்சி மேஜைக்குப் போய், ஒலிவாங்கியை ஒதுக்கித் தள்ளினாள். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

"இந்தச் சட்டம் வந்தா நான் கடையை மூடணும். அவ்வளவுதான். என் ஆளுங்களை நான் பார்த்துக்கறேன். நீங்க ஒண்ணும் சொல்லித் தர வேணாம்!"

லாம்ப்ரி அம்மையார் தலையசைத்தார். வெண்டெலுக்கு மூச்சு வந்தது.

குழுவில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"பார்த்துக்கறேன்னா எப்படிம்மா? ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைன்னா என்ன பண்ணுவீங்க?"

"நான்தான் கட்டுவேன். வேற யார் கட்டுவா? ராய் பனியில வழுக்கி விழுந்து ரெண்டு பல்லை உடைச்சுக்கிட்டான், நான் கட்டினேன். லூசிலுக்குப் பித்தப்பையில கல்லு, பாதி நான் கட்டினேன். சமையல்காரன் ஆர்ச்சிக்கு சர்க்கரை, மாசாமாசம் மருந்து நான்தான். நடாலிக்குப் பிரசவம், அதுவும் ரெட்டை..."

"இதெல்லாம் ஒரே வருஷத்துலயா?"

"போன வருஷம் மட்டும். முந்தின வருஷத்தைச் சொல்ல ஆரம்பிச்சா சாப்பாட்டு நேரம் ஆயிடும்."

டீச்சர் காகிதத்தின் பின்புறத்தில் என்னவோ எழுதினார். கூட்டினார். அழித்தார். மறுபடியும் கூட்டினார். அறை முழுக்கப் பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. வெண்டெலுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

"இந்தச் சட்டம் வந்தா நீங்க கட்ட வேண்டியது, இப்ப கட்டறதுல பாதிகூட இல்லையேம்மா."

ஃபெர்ன் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். கடை நடத்துகிறவள், கணக்குச் சரியா தப்பா என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாகத் திரும்பினாள்.

"யோவ் வெண்டெல்! இதை ஏன்யா நேத்து சொல்லலை? ஆப்பிள் பை வேற தின்னுட்டுப் போனியே!"

அறை அதிர்ந்தது. ஈமச்சடங்குத் தலைவர்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"அந்தச் சீட்டைக் குடுங்க" என்றாள் ஃபெர்ன் எழுத்தரிடம். "கட்டத்தை மாத்தணும்."

எதிர்ப்பு அடுக்கில் இப்போது சீட்டே இல்லை. வெறும் மேஜைதான் தெரிந்தது. பின் வரிசையில் முத்துமாலை உருளும் சத்தம் கேட்டது. மூன்று வருடத்தில் முதல் முறையாக, அந்த மசோதா நிஜமாகவே சட்டமாகிவிடும் போலிருந்தது.

வேறு வழியில்லை. வெண்டெல் தானே எழுந்தார். ஒரு சீட்டை எடுத்து எதிர்ப்பு என்று குறியிட்டு, நொண்டிக்கொண்டே சாட்சி மேஜைக்குப் போய், இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்தார்.

"வெண்டெல் ஹாட்ச். முதலாளிகள் பேரவை சார்பா வந்திருக்கேன். இந்த மசோதா வந்தா நாலாயிரத்து இருநூறு..."

"அது இருக்கட்டும்" என்றார் கணக்கு டீச்சர், ரொம்பப் பரிவோடு. "உங்க இடுப்புக்கு என்ன?"

"தேய்ஞ்சு போச்சுங்க. மாத்தணும்."

"அப்ப ஏன் இன்னும் மாத்தலை? பேரவை உங்களுக்குக் காப்பீடு தரலையா?"

வெண்டெல் பின் வரிசையைப் பார்த்தார். லாம்ப்ரி அம்மையார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லலாம்தான். ஆனால் அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பொய் சொன்னார், அதுவும் மேவிஸ் தைத்த சட்டை நன்றாக இருக்கிறது என்று. அதைக்கூட மேவிஸ் நம்பவில்லை.

"இல்லைங்க. எனக்கு இருபத்தொன்பது மணி நேரம்தான். முப்பது ஆனாத்தான் உண்டு."

"இந்தச் சட்டம் வந்தா உங்களுக்குக் கிடைக்குமே?"

"கிடைக்குங்க."

"ஆனா நீங்க எதிர்க்கறீங்க."

"ஆமாங்க. இது தோத்தா எனக்கு முழுநேர வேலையும் காப்பீடும் தர்றதா சொல்லியிருக்காங்க."

தலைவர் கைக்குட்டையை இறக்கினார். "புரியாம கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு வைத்தியம் நடக்கணும்னா, எல்லாருக்கும் வைத்தியம் தர்ற மசோதாவை நாங்க கொல்லணுமா?"

"அப்படிச் சொன்னா ஒரு மாதிரி இருக்குங்க" என்றார் வெண்டெல். "ஆனா அப்படித்தாங்க."

அறையில் யாரும் சிரிக்கவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எழுத்தர் மேஜைமேல் கவிழ்ந்துவிட்டார். பாத்திரம் கழுவும் ராய் மட்டும் எழுந்து வந்து வெண்டெலுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனான்.

வாக்கெடுப்பு அன்றைக்கே நடந்தது. கைகளை எண்ணினார்கள். இன்னொரு முறை எண்ணினார்கள். பத்துக்குப் பத்து.

"சரிசமம்" என்றார் தலைவர், சவப்பெட்டி மூடுகிற மென்மையோடு. "இன்னும் ஆராயலாம். அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்."

கூட்டம் கலைந்தது. ஃபெர்னின் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வெண்டெலின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள், துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி. அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. மே மாத அறுவை சிகிச்சை போயிற்று. உள்ள இருபத்தொன்பது மணி நேரமும் போயிற்று. இதை மேவிஸிடம் எப்படிச் சொல்வது? நாளைக் காலையும் அவள் மண்டியிட்டு அந்தக் காலுறையை மாட்டிவிடுவாள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

லாம்ப்ரி அம்மையார் போனைக் காதில் வைத்தபடி வந்தார். "ஆமாங்க... பார்த்தீங்களா... பத்துக்குப் பத்துதாங்க... செஞ்சுடறேன்." வைத்தார். உடனே மறுபடி அடித்தது. அதை அணைத்தார்.

"மேடம், என் மேஜையை இன்னைக்கே காலி பண்ணிடறேன்" என்றார் வெண்டெல்.

"உளறாதீங்க. நம்ம பேரவை முதலாளிங்க எல்லாரும் இதை நேரலையில பார்த்திருக்காங்க. ஒரே ஒரு கை ஏறியிருந்தா சட்டமாயிருக்கும்னு நடுங்கிப்போய் இருக்காங்க. அரைநேர ஆளை வெச்சுக்கிட்டு இந்த மசோதாவோட விளையாடினது போதும்னு சத்தம் போடறாங்க."

"அப்படின்னா?"

"அப்படின்னா ஒண்ணாம் தேதியிலேருந்து நீங்க முழுநேரம். இதுல ஊர் சிரிக்க, காப்பீடு இல்லாத ஆளை அனுப்பினோம்னு பேர் வேற. முதல்ல அந்த இடுப்பை மாத்திக்கிட்டு வாங்க. அப்புறம் வெண்டெல்..."

"சொல்லுங்க மேடம்."

"இனிமே எந்த ஒலிவாங்கி முன்னாடியும் நீங்க உக்காரக் கூடாது."

அம்மையார் போய்விட்டார். வெண்டெலுக்குத் தன் காதுகளை நம்ப முடியவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இரண்டையும் செய்தார். பிறகு பார்த்தால் அறையில் இன்னொருவரும் இருந்தார். ஹார்லன் டோ, கோட்டின் கைக்குள் கையை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தார். வெண்டெல் நொண்டிக்கொண்டே போய்க் கோட்டைப் பிடித்துக் கொடுத்தார்.

"வேடிக்கையைப் பார்த்தீங்களா பெரியவரே? உங்க மசோதாவை ஒழிக்க வந்தேன். அது ஒழியாம போனதால எனக்கு முழுநேர வேலை கிடைச்சிருக்கு!"

"என் மசோதாவா?" என்றார் ஹார்லன், பொத்தானைப் போட்டுக்கொண்டே. "மேவிஸ்கிட்ட சொல்லிடுப்பா, உனக்கு ஒரு வேலை கிடைக்கணும்னு மூணு வருஷத்துக்கு முன்னாடி என் சமையலறையில உக்காந்து அவ எழுதிக் கொடுத்த மசோதா, இந்த வருஷமும் சாகலைன்னு."